தேனீயின் குடலும் ஒரு நல்ல நூலின் குறையும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த முண்டு மிளகாய், மார்கழி, தை மாதங்களில் பூத்து நிற்கும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அதே குண்டு மிளகாய்தான். அதன் பூ சிறியது, வெண்மையானது, தலை கவிழ்ந்து தொங்குவது. காலை வெயில் ஏறும் நேரத்தில் அந்தப் பூவின் அடியில் ஒரு சிறு தேனீ தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். முட்செடிகளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ அது.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பூவின்மேல் எத்தனை உயிர்கள் இருக்கின்றன? ஒன்று என்று சொல்வீர்கள். பூவையும் சேர்த்து இரண்டு என்று சிலர் சொல்லக்கூடும். பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயைச் சோதித்த அறிவியலார் வேறு கணக்குச் சொல்கிறார்கள். அதன் வேலைக்காரத் தேனீ ஒன்றின் குடலில் மட்டும் 100 கோடி வரை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அதே தேனீயின் மூளையில் உள்ள நரம்பணுக்களோ சுமார் 10 லட்சமே. நம் கொம்புத் தேனீயும் இப்படிப்பட்ட கூட்டத்தைச் சுமந்தே பறக்கிறது.

இத்தகைய உள்வாழ் உயிர்களைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட நூல்களில், அண்மைக் காலத்தில் பெரும் புகழ் பெற்றது எட் யாங் எழுதிய 'ஐ கன்டெய்ன் மல்டிட்யூட்ஸ்' என்னும் ஆங்கில நூல். 'எனக்குள் பல்லாயிரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 2016இல் வெளிவந்தது. ஆசிரியர் மலேசியாவில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த அறிவியல் இதழாளர். 2021இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அந்த நூலை இராமேசுவரம் கடற்கரையில் வாழும் ஒரு வாசகன் கண்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நல்ல நூலிடம்தான் குறை கேட்க வேண்டும். மோசமான நூலை மூடி வைத்துவிட்டால் போதும்.

நூலின் சிறப்பு

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். நான் பல ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். பாக்டீரியா பாடம் வந்ததும் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் 'நன்மை செய்வன': தயிர் உறைய வைப்பவை, நிலக்கடலையின் வேர் முடிச்சில் நைட்ரஜனை நிலைநிறுத்துபவை. வலப்பக்கம் 'தீமை செய்வன': காசநோய், வாந்திபேதி, பயிர் வாடல். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்; தேர்வில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். எல்லாம் முறையாக நடந்தது.

எட் யாங்கின் நூல் அந்த நடுக்கோட்டை அழித்துவிடுகிறது. ஒரு நுண்ணுயிர் நண்பனா பகைவனா என்பது அதன் பெயரோடு பிறந்த குணம் அன்று. இடத்தையும், அளவையும், சூழலையும் பொறுத்து மாறும் உறவு என்று அவர் காட்டுகிறார். குடலுக்குள் உதவும் பாக்டீரியா, குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் நுழைந்தால் உயிருக்கு ஆபத்து. அதே நூலில் வரும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா பூச்சிகளின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் அதைக் கொசுவில் கண்டார்கள். சில பூச்சிகளில் அது ஆண் சந்ததியைக் கொல்லும். வேறு சிலவற்றில் அது இல்லாமல் இனமே பெருகாது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இன்னொரு சிறப்பு, மிகைப்படுத்தாமை. நுண்ணுயிர்களால் எல்லா நோயும் தீரும் என்று விளம்பரம் செய்வோரை அவர் நம்பிவிடுவதில்லை. சான்று எவ்வளவோ, சொல்லும் அவ்வளவே. அறிவியல் எழுத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் இல்லை.

நம் கரையில் கிடைக்கும் சான்றுகள்

நூலைப் படிக்கும் நம் பகுதி வாசகருக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. ஆசிரியர் தூர தேசங்களில் காட்டும் உயிர்களின் உறவினர்கள் பலர் நம் வாசலிலேயே இருக்கிறார்கள். அவர் பவளப் பாறைகளையும், அவற்றோடு வாழும் நுண்ணுயிர்களையும் பேசுகிறார். மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. பவள உயிரிகளின் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பங்கு கொடுக்கின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தக் கூட்டு முறிந்து பவளம் வெளுத்துப்போகிறது. 2016இல் நம் பவளங்கள் அப்படி வெளுத்தன.

அவர் ஹவாய்த் தீவின் சிறு கணவாய் ஒன்றையும், அதன் உடலில் ஒளி வீசும் பாக்டீரியாவையும் அழகாக வருணிக்கிறார். நம் பாக் நீரிணையில் வலையை இழுத்தால் அள்ள அள்ள வரும் காரல் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் ஒளி உறுப்பு இருக்கிறது. அதற்குள் வாழும் ஒளிரும் பாக்டீரியாவுக்கு மீனின் பெயரையே ஒட்டி 'போட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி' என்று 1967இல் பெயர் வைத்தார்கள். காரல் கருவாட்டைக் குழம்பில் இட்டுச் சாப்பிட்ட நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கூட்டுயிர் வாழ்க்கை என்பது ஹவாய்க்கு மட்டும் உரியது அன்று என்று காட்டவே இதைச் சொன்னேன்.

விடுபட்ட தேனீ

இனிக் குறைக்கு வருவோம். நூலில் பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயிர்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள், அவற்றின் உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் என்ற பொருள் ஓர் அத்தியாயமாக எழவே இல்லை. நூலில் பெருமையோடு நிற்கும் பூச்சிகளில் ஒன்று அசுவினி. நம் பருத்தியிலும் மிளகாயிலும் இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அதே வகைப் பூச்சிதான். அதன் உடலில் தனி உயிரணுக்களுக்குள் 'புக்னெரா' என்னும் பாக்டீரியா வாழ்கிறது. பூச்சிகளின் கூட்டுயிர்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பால் புக்னர் என்ற ஜெர்மானியரின் நினைவாக வைத்த பெயர் அது. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள் குறைவு. குறைவதை உள்ளே இருந்து சமைத்துத் தருவது புக்னெரா.

பயிரைச் சுரண்டும் அசுவினிக்குக் கிடைத்த புகழ், பயிருக்கு உழைக்கும் தேனீக்குக் கிடைக்கவில்லை. ஏன்? இதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. புக்னெரா இல்லாவிட்டால் அசுவினி இனம் பெருக முடியாது. அந்த உறவு வாழ்வா சாவா என்ற உறவு. கதையாகச் சொல்ல எளிது. தேனீயோ பாக்டீரியா இல்லாமலும் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு இருக்கிறது. ஆகவே உறவு தளர்வானது போலத் தோன்றும். ஆனால் உயிரோடு இருப்பது ஒன்று, நலமாக இருப்பது வேறு. அந்த வேறுபாட்டில்தான் நம் வயல்களின் நலம் அடங்கியிருக்கிறது.

குடலில் நடப்பது என்ன?

கூட்டுப்புழுப் பருவத்தில் தேனீயின் பழைய குடல் உறை கழன்றுவிடுகிறது. எனவே அறையின் மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் இளந்தேனீயின் குடல் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். முதல் நான்கைந்து நாட்களில் அது மூத்த தேனீக்களோடு நெருங்கியும், அடையின் பரப்பை நக்கியும், கூட்டில் உள்ள கழிவின் துகள்கள் வழியாகவும் தன் கூட்டத்தின் பாக்டீரியாக்களைப் பெற்றுக்கொள்கிறது. அருவருப்பாக இருக்கிறதா? ஆனால் அந்தப் பரிமாற்றம் நடக்காவிட்டால் அது முழுமையான தேனீ ஆகாது.

வந்து குடியேறுபவை கண்டபடி வந்தவை அல்ல. சுமார் ஒன்பது வகைகளே குடல் பாக்டீரியாக்களில் மிகப் பெரும் பகுதி. பின்குடலின் முதற்பகுதியில் சுவரை ஒட்டிப் படலமாகப் படர்வது 'ஸ்னாட்கிராசெல்லா'. அது அங்குள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக் குறைத்துவிடுவதால், அதன் மேல் வாழும் மற்றவற்றுக்கு இடம் ஏற்றதாகிறது. மேலே அமர்வது 'கில்லியமெல்லா'. மலக்குடலில் நிறைந்திருப்பவை லாக்டோபேசில்லசு, பைஃபிடோபாக்டீரியம் வகையினர். தயிரில் வாழ்பவற்றின் தூரத்து உறவினர்கள் இவை.

இப்பெயர்களிலும் வரலாறு உண்டு. தேனீயின் உடலமைப்பை அங்குலம் அங்குலமாக வரைந்து காட்டிய ஸ்னாட்கிராஸ், தேனீயின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த மார்த்தா கில்லியம் ஆகிய அமெரிக்க அறிவியலார் இருவரின் நினைவாக, குவாங், மொரான் என்ற ஆய்வாளர்கள் முன்னவை இரண்டுக்கும் பெயரிட்டார்கள். மூன்றாவது ஒன்றுக்கு 'பிரிஷெல்லா' என்று பெயர். தேனீயின் நடனத்துக்குப் பொருள் கண்டு 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ் நினைவாக வைத்தது. ஆனால் அந்தப் பிரிஷெல்லா குடற்சுவரில் கருமையான வடு ஒன்றை உண்டாக்கும் பாக்டீரியா. நண்பன் என்றும் பகைவன் என்றும் கோடு போட முடியாது என்பதற்குத் தேனீயின் குடலுக்குள்ளேயே சான்று கிடைக்கிறது.

இவை செய்யும் வேலை என்ன? மகரந்தம் தேனீயின் புரத உணவு. மகரந்தத் துகளின் சுவரில் பெக்டின் முதலிய கடினமான மாவுப்பொருள்கள் உள்ளன. பெக்டினை உடைக்கும் மரபணுக்கள் கில்லியமெல்லாவிடம் இருப்பதை 2012இல் கண்டார்கள். உடைந்த பொருள்களிலிருந்து உண்டாகும் சிறு அமிலங்கள் தேனீக்கு உணவாகின்றன. பாக்டீரியா பெற்ற தேனீக்கள் பெறாதவற்றைவிட எடை கூடியிருந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காவல் வேலையும் உண்டு. தேனீயின் உறவினமான பெருந்தேனீக்களில், குடல் பாக்டீரியாக்கள் ஓர் ஒட்டுண்ணியின் தாக்குதலைக் குறைக்கின்றன என்று 2011இல் கோக், ஷ்மிட்-ஹெம்பெல் என்ற ஆய்வாளர்கள் நிறுவினர். 2011, 2012ஆம் ஆண்டுச் செய்திகள் நூல் வெளிவருவதற்கு முன்பே கிடைத்தவை என்பதைக் கவனியுங்கள்.

'நான்' என்ற சொல்லின் எல்லை

என் முதன்மையான மறுப்பு நூலின் தலைப்பைப் பற்றியது. 'எனக்குள்' என்று தொடங்குகிறது அது. வால்ட் விட்மன் என்ற அமெரிக்கக் கவிஞரிடமிருந்து எடுத்த சொற்றொடர். ஓர் உடல், அதற்குள் ஒரு கூட்டம் என்ற படம் அதில் இருக்கிறது. உயிரிலிருந்து உயிருக்கு நுண்ணுயிர்கள் செல்வதை ஆசிரியர் பேசாமல் இல்லை. ஆயினும் நூலின் மையம் தனி உடலே.

தேனீக்கு இந்தப் படம் பொருந்தாது. அதன் பாக்டீரியாக்கள் தாய்வழிச் சொத்தாக முட்டையில் வந்தவை அல்ல, தனியாக எங்கோ ஈட்டியவையும் அல்ல, கூட்டத்திடமிருந்து கைமாறியவை. தனித்த தேனீக்கு அவை கிடைப்பதில்லை. சமூகமாக வாழும் தேனீக்கள், பெருந்தேனீக்கள், கொசுத் தேனீக்கள் ஆகிய மூன்றிலும் ஒரே ஐந்து பாக்டீரியாக் குலங்கள், சில இனங்களில் ஒன்றிரண்டு விடுபட்டும், இருப்பதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையின் காலத்திலிருந்தே அவை தொடர்ந்து வருகின்றன என்பது அதன் முடிவு. 8 கோடி ஆண்டுகள் கைமாறி வந்த சொத்தைக் காப்பது கூட்டமே.

ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் கேட்பவரையும் உள்ளடக்குவது 'நாம்'; விலக்குவது 'நாங்கள்'. தேனீ பேசுமானால், தன் குடலில் வாழ்பவற்றையும், அவற்றைத் தனக்குத் தந்த மூத்த தேனீக்களையும் சேர்த்து 'நாம்' என்றே சொல்லும். 'நான்' என்று தொடங்கும் நூலில் தேனீ நழுவிப்போனது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தென்னந்தோப்பில்

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சிதானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் எனக்குத் தெரிந்தவர் இந்தியத் தேனீப் பெட்டிகள் சில வைத்திருந்தார். ஒரு பருவத்தில் புழுக்கள் அறைக்குள்ளேயே தலை நீட்டியபடி சாகத் தொடங்கின. ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த பை போல வந்தது. காய்ந்தவை படகு போல வளைந்த செதிலாகக் கிடந்தன.

"சார், வீட்ல டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை மிச்சம் கிடக்கு. பொடி பண்ணிச் சீனிப் பாகுல கலந்து வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வச்சுப் பாருங்கண்ணே, கெடுதல் ஒண்ணும் வராது," என்றேன் நான்.

கரும்பலகையில் கோடு போட்ட ஆசிரியரின் விடை அது. நோய் என்றால் கிருமி; கிருமி என்றால் மருந்து. சில வாரங்களில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. அவை மருந்தினால்தான் போயின என்று நான் சொல்லமாட்டேன். நோயே அதற்குப் போதும். ஆனால் 'கெடுதல் வராது' என்று நான் சொன்னது தவறு. அந்த அறிகுறிகள் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய்க்கு உரியவை. 1990களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது அதுவே. வைரசை ஆன்டிபயாட்டிக் மருந்து தொடாது. அது தொடுவது பாக்டீரியாவை. நோய் புழுவுக்கு, மருந்து விழுந்ததோ புழுவை ஊட்டி வளர்க்கும் செவிலித் தேனீயின் குடலில்.

அங்கே என்ன நடக்கும் என்பதை 2017இல் ரேமன், ஷாபர், மொரான் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டனர். டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்களில் குடல் பாக்டீரியாக்கள் பெரிதும் குறைந்தன. அடையாளமிட்டுக் கூட்டில் விட்டபோது, மருந்து உண்ணாதவற்றைவிட மருந்து உண்டவை குறைவாகவே பிழைத்திருந்தன. நோய்க்கிருமிகளுக்கும் அவை எளிதில் இரையாயின. பல்லாண்டுகளாகத் தேனீப் பெட்டிகளில் அம்மருந்தைப் பயன்படுத்திய அமெரிக்காவில், தேனீயின் குடல் பாக்டீரியாக்களில் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் சேர்ந்திருப்பதை 2012இலேயே கண்டிருந்தார்கள்.

களைக்கொல்லி கிளைபோசேட்டைப் பற்றியும் ஒரு செய்தி. அது தாவரங்களில் உள்ள ஒரு நொதியைத் தடுத்துக் கொல்வது. விலங்குகளில் அந்த நொதி இல்லை. ஆகவே பூச்சிக்குத் தீங்கில்லை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் அந்த நொதி பல பாக்டீரியாக்களிலும் உண்டு. கிளைபோசேட் உண்ட தேனீக்களில் ஸ்னாட்கிராசெல்லா முதலியவை குறைந்தன என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அதைக் கொண்டு ஒவ்வொரு வயலிலும் தேனீக்கள் இப்படியே பாதிக்கப்படுகின்றன என்று முடிவு கட்டக் கூடாது. கேள்வி மட்டும் மாறிவிட்டது. 'பூச்சிக்குத் தீங்கா?' என்று கேட்டால் போதாது. 'பூச்சிக்குள் வாழ்வதற்குத் தீங்கா?' என்றும் கேட்க வேண்டும்.

2017, 2018ஆம் ஆண்டு முடிவுகள் நூலுக்குப் பின் வந்தவை. அவற்றுக்காக ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் இன்று அந்நூலை எடுப்பவர், தேனீயைப் பொறுத்தவரை கதை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது என்பதை அறிந்து படிக்க வேண்டும்.

வெப்ப நாடுகளின் பங்கு

இன்னொரு குறை பொதுவானது. நூலில் வெப்ப நாடுகள் வராமல் இல்லை. மலாவியின் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகள் வருகிறார்கள். டெங்குவும் அதைப் பரப்பும் கொசுவும் வருகின்றன. நாம் அதில் பெரும்பாலும் நோயின் களமாக வருகிறோம். விளைச்சலின் களமாக, வயலாக, தோப்பாக வருவது அரிது. கூட்டுயிர்களைப் பற்றிய அறிவு மருத்துவமனைக்கு மட்டும் உரியதா? பருத்தி, மல்லி, எள், தென்னை, முருங்கை விளையும் நிலத்துக்கும் அது வேண்டாமா? முருங்கைப் பூவில் ரீங்காரமிடும் கரிய தச்சுத் தேனீக்குள் வாழ்பவை எவை என்று கேட்கும் ஒரு மாணவனை அந்த நூல் உருவாக்கியிருக்கலாம்.

இது வெறும் ஊர்ப்பற்று அன்று. மேலே சொன்ன ஆய்வுகளில் பல மேலைநாட்டுத் தேனீயில் நடந்தவை. அதன் முடிவுகளை நம் இந்தியத் தேனீக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஜப்பானில் இரண்டையும் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியாக் குலங்கள் பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும், மேலைநாட்டுத் தேனீயில் உள்வகைகள் மிக அதிகம் என்று தெரிந்தது. ஒரு வகைத் தேனீயின் ஸ்னாட்கிராசெல்லா மற்றொரு வகையின் குடலில் எளிதில் ஊன்றுவதில்லை என்பதும் தெரிந்ததே. ஆகவே நாளை யாராவது 'தேனீக்கு நல்ல பாக்டீரியா' என்று பொட்டலம் கட்டி விற்க வந்தால், 'எந்தத் தேனீயிலிருந்து எடுத்தது, எந்தத் தேனீயில் சோதித்தது?' என்று கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறக்கலாம்.

மிகையும் பிழையே

குறை சொல்பவன் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. 'பாக்டீரியா அழிந்தால் தேனீ அழியும், தேனீ அழிந்தால் மிளகாய் அழியும்' என்று எழுதினால் படிக்கச் சூடாக இருக்கும், உண்மையாக இராது. மிளகாய்ப் பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒன்றாகவே உள்ளன. தன் மகரந்தத்தாலேயே அது காய்க்க வல்லது. பூச்சி வந்தால் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும். ஆண், பெண் பூக்கள் தனித்தனியாக உள்ள பூசணி, வெள்ளரி வகைகளின் நிலை வேறு. பூச்சியோ மனிதக் கையோ மகரந்தத்தைக் கொண்டுபோகாவிட்டால் காய் இல்லை. பயிருக்குப் பயிர் தேவை மாறும். பாக்டீரியா தேனீயின் நலத்தைத் தாங்குகிறது. நலமுள்ள தேனீ பூக்களை நன்றாக நாடுகிறது. அதனால் சில பயிர்கள் மிகுதியாகவும் சில ஓரளவும் பயன் பெறுகின்றன. சான்று தாங்கும் அளவு இவ்வளவே. இந்த அடக்கத்தை எனக்குக் கற்பித்ததும் எட் யாங்கின் நூலே என்பதை மறுக்கமாட்டேன்.

சொல்லின் குற்றம்

கடைசியாக, நம்மையும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். தமிழில் அறிவியல் எழுதும் நாம் தேனீயைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். நடனம், இராணி, தேன், மெழுகு எல்லாம் வந்துவிடும். பாக்டீரியா மட்டும் 'நோய்கள்' என்ற துணைத் தலைப்பின் கீழேதான் வரும். அதையும் 'கிருமி' என்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை மருந்துப் புட்டியைத் தேடுகிறது. என் கையும் தேடியது. 'நுண்ணுயிர்' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பழக்கத்தில் கொண்டுவருவது எழுதுவோர் கடமை. ஓர் ஆங்கில நூலில் தேனீ விடுபட்டது குறை என்றால், தமிழில் அந்தப் பொருளே விடுபட்டிருப்பது அதைவிடப் பெரிய குறை.

நூலை எடுத்துப் படியுங்கள். ஆங்கிலம் சற்றுக் கடினமாக இருக்கும். ஆசிரியர் சொல் விளையாட்டில் விருப்பமுள்ளவர். ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தால் போதும். விடுபட்ட அத்தியாயத்தை நீங்களே தொடங்கலாம். மிளகாய்ச் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டுகள் 20க்குக் கொசுவலைத் துணியால் சிறு பை கட்டுங்கள். வேறு 20 மொட்டுகளுக்கு நூலால் அடையாளம் மட்டும் இட்டுத் திறந்து விடுங்கள். பூ உதிர்ந்ததும் பைகளைக் கழற்றிவிட்டு, காய் பழுத்த பின் இரண்டு பக்கத்திலும் எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பரமக்குடியில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும், இராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் உள்ளன. உங்கள் குறிப்பேட்டோடு போய் ஐயங்களைக் கேட்கலாம்.

பெட்டியில் தேனீ வளர்ப்பவர் எவரேனும் மாத்திரையைப் பாகில் கலக்கலாமா என்று உங்களைக் கேட்டால், நான் சொன்ன விடையைச் சொல்லாதீர்கள். முதலில் புழுவைப் பாருங்கள். நோயின் பெயரை அறிந்தவரிடம் கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் காக்கப்பட வேண்டியவை தேனீக்கள் மட்டும் அல்ல என்பது இப்போது உங்களுக்குத் தெரியுமல்லவா?